கொடிக்கு அடித்த வெள்ளை

கந்தகம் போடுகிற நாளில் மகளை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டோம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு திட்டக்குடி பஸ் ஏறிவிடுவேன். அங்கே என் நாத்தனார் வீடு. பெண்ணாடத்தில் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றால் பஸ் நகராது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து டிராக்டர்களை எண்ணுவாள். நான் அவள் முதுகில் கை வைத்து மூச்சை எண்ணுவேன். ஞாயிறு மாலை திரும்புவதற்குள் என் கணவர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் தண்ணீர் தெளித்து, வாசலைக் கழுவி, உடுத்தியிருந்த வேட்டியைத் தனியாகத் துவைத்துக் காயப் போட்டிருப்பார். அப்படியும் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை இழுத்துப் பார்ப்பேன், தீக்குச்சி உரசின வாடை எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று.

கொடிகளை இந்த ஊருக்குக் கொண்டுவந்தது நான்தான். என் பிறந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மாதா கோயிலைச் சுற்றிக் குடியிருந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேர் திராட்சைக்காரர்கள். விருத்தாசலத்தில் வாழ்க்கைப்பட்ட மூன்றாம் வருடம், பன்னீர் திராட்சைக் குச்சிகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் எடுத்து வந்தேன். என் கணவர் ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் அச்சு வார்க்கிறவர். வீட்டுக்குப் பின்னால் செம்மண் கொல்லை கொஞ்சம் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, முப்பது கொடி ஏற்றினோம். நான் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம் பந்தலுக்கடியில் இருப்பேன். இந்த ஊரில் எனக்கு என்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

திராட்சைக்கு இரண்டு சாம்பல் நோய் உண்டு. மழைக்காலத்தில் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு படர்வது ஒன்று. அதற்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்க வேண்டும். மழை விட்டுப் பனி இறங்கும்போது இலையின் மேலும் பிஞ்சின் மேலும் திருநீறு தூவினாற்போல் வருவது இன்னொன்று. அதற்குக் கந்தகம். கந்தகத் தூளை மெல்லிய துணியில் மூட்டை கட்டி, கம்பில் தொங்கவிட்டு, தட்டித் தட்டிக் கொடிமேல் தூவ வேண்டும். என் அப்பா வீட்டில் அதை விபூதி அடிக்கிற மாதிரி சாதாரணமாகச் செய்வார்கள். நாங்கள் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதனடியிலேயே விளையாடினோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகளுக்கு ஆனது. ஆறு வயது இருக்கும். ஒரு தை மாதக் காலை, கந்தகம் தூவி முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அவள் தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். கிட்டே வந்ததும் சத்தம் கேட்டது. பூனைக்குட்டி எங்கேயோ கத்துகிறாற்போல் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. அன்று டாக்டர் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, புகையும் தூசியும் மருந்து வாடையும் இந்தக் குழந்தைக்கு ஆகாது என்றார். வீட்டில் என்ன தொழில் என்று கேட்டார். சொன்னோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

கொடியை வெட்டிவிடலாம் என்று முதலில் சொன்னது என் கணவர்தான். வேண்டாம், மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது நான். இதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

குறைக்கவும் செய்தோம். மழைக்காலக் காய்ப்பே வேண்டாம் என்று விட்டோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொடி வெறும் இலையாகக் கிடக்கட்டும் என்று இருந்து, மழை முழுக்க ஓய்ந்தபின் மார்கழி பிறந்ததும் கொடியை நறுக்கிக் கவாத்து செய்தோம். துத்தம் அடிக்கிற வேலை அதில் ஏறக்குறைய போயே போய்விட்டது. காற்று ஓடட்டும் என்று நெருக்கமாக நின்ற நாலு கொடிகளைப் பிடுங்கினோம். குலையைச் சுற்றியிருக்கிற இலைகளைக் கையால் கிள்ளினால் வெயில் உள்ளே இறங்கும், சாம்பல் தங்காது. கிள்ளின இலையையும் உதிர்ந்த இலையையும் தரையில் விடக் கூடாது. என் ஊரில் எரிப்பார்கள். மகளுக்குப் புகை ஆகாதே என்று நாங்கள் குழி தோண்டிப் புதைத்தோம். தண்ணீரைக் காலையில் வேருக்கு மட்டும் விட்டோம். பள்ளியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வந்து தினம் இலைகளைப் புரட்டிப் பார்ப்பேன். பருவத்துக்குப் பத்துத் தடவைக்கு மேல் மருந்து போட்டுக்கொண்டிருந்த பந்தலில், கந்தகம் மட்டும் இரண்டு தடவை என்கிற அளவுக்குக் கொண்டுவந்தோம். அந்த இரண்டு தடவைக்குத்தான் திட்டக்குடிப் பயணம்.

அந்த இரண்டும் போய்விட்டால் என்ன என்று எனக்கு ஆசை வந்தது. அவளுக்கு எட்டு வயதானபோது அதற்கு வழி வந்ததுபோல் தெரிந்தது.

ஒருநாள் என் கணவர் வேலை முடிந்து வந்ததும் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் என்னைக் கூப்பிட்டார். பீங்கான் செய்ய அச்சில் ஊற்றுகிற நீர்த்த மண்கூழைப் பட்டறையில் சிலிப்பு என்பார்கள். அவர் முழங்கைவரை எப்போதும் அது காய்ந்து வெளுத்திருக்கும்.

"டீச்சரம்மா, பட்டறைக்குப் பின்னால ஒரு பூசணிக்கொடி கெடக்குது. சிலிப்பு தெறிச்ச எலையில சாம்பல் இல்ல. தெறிக்காத எலையெல்லாம் சாம்பல். பொரட்டிப் பொரட்டிப் பாத்துட்டு வரேன்."

"சிலிப்புல என்னென்ன போடுறீங்க?"

"என்னா போடுவாங்க, மண்ணுதான். இந்த ஊரே அதுலதான் கஞ்சி குடிக்குது. மண்ணு என்னா பண்ணிடும்?"

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். ஆனால் இந்த ஊரில் பத்து வருடம் இருந்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வெள்ளை மண் இங்கே வாசலில் கிடக்கும், துணியில் இருக்கும், சோற்றுத் தட்டில் விழுந்தால் ஊதிவிட்டுச் சாப்பிடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் அதைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மருந்து என்றால் எங்களுக்குப் பயம். மண் என்றால் பயமே இல்லை.

அச்சுக்கு ஆகாது என்று ஒதுக்கின சிலிப்பைப் பட்டறைக்காரர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். என் கணவர் அதைப் பீங்கான் ஜாடிகளில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். கைத்தெளிப்பானில் ஊற்றினால் அதன் மூக்கு அடைத்துக்கொண்டது. பிறகு வெள்ளையடிக்கிற மட்டையை எடுத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, கொடிமேல் விசிறி விசிறி அடித்தார். காய்ந்ததும் பந்தல் முழுக்க வெளுத்துவிட்டது. பொங்கல் சமயம். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னா டீச்சரு, ஊரு உலகத்துல பொங்கலுக்கு வூட்டுக்கு வெள்ளையடிப்பாங்க, உங்க வூட்டுக்காரரு கொடிக்கு அடிக்கிறாரு. அப்பிடியே ஒரு காவிப் பட்டையும் இழுத்து வுடச் சொல்லுங்க" என்றாள். அவர் மட்டையை ஓங்கி, உனக்கும் ஒரு கை அடிக்கவா என்று கேட்டார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

சாம்பல் வரவில்லை. இதை நான் மறைக்கக் கூடாது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். வெள்ளை பட்ட இடத்தில் இலை சுத்தமாக இருந்தது. பிஞ்சுகள் மிளகளவு ஆகிப் பட்டாணியளவு ஆயின. அந்தப் பருவத்தில் ஒரு சிட்டிகைக் கந்தகம் வீட்டுக்குள் வரவில்லை. திட்டக்குடிக்குப் போகவில்லையே என்று மகள் கோபித்துக்கொண்டாள். அதற்குப் பதிலாகப் பந்தலுக்கடியில் வரலாம் என்று சொன்னேன். இரண்டு வருடமாக அந்தப் பக்கம் கால் வைக்காதே என்று அடித்து விரட்டியவள், நானே கையைப் பிடித்து அழைத்துப் போனேன்.

சனிக்கிழமைகளில் நான் முக்காலிமேல் ஏறி இலை கிள்ளுவேன். அவள் கீழே நின்று கூடையில் பொறுக்குவாள். நான் கிள்ளும்போதெல்லாம் மேலிருந்து மாவு சலித்தாற்போல் வெள்ளை இறங்கும். அவள் ஒவ்வோர் இலையையும் எடுத்து உதறி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக் கூடையில் போடுவாள். அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். தலை, புருவம், இமைகூட வெளுத்துப்போய் நிற்பாள். ஒருநாள் அவர் பட்டறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பாப்பா அச்சுலேருந்து எடுத்த பொம்ம மாதிரி இருக்குது. இன்னும் சூளையிலதான் வைக்கல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நாலு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. இரண்டாம் வாரத்திலிருந்து சின்ன இருமல் இருந்தது. பனி என்று நினைத்துத் துளசிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, மாசி வெயில் ஏறிவிட்ட நேரம். கீழே உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தேன். கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, மூச்சு போவ மாட்டேங்குது."

உள்ளே போகவில்லையா, வெளியே போகவில்லையா என்று மூளை கெட்டவள் மாதிரி கேட்டேன். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா அந்த வழியே போன குதிரை வண்டியை நிறுத்தி, அதிலிருந்தவரை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினாள். ஆஸ்பத்திரிவரை என் மடியில் அவள் விலாவெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்கடியில் ஒரு குழி விழுந்தது. உதடு நீலம் பாரிக்க ஆரம்பித்தது. நான் ஜெபம்கூடச் சொல்லவில்லை. முந்தானையால் அவள் முகத்திலிருந்த வெள்ளையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க அது அவள் மூக்கருகே பறந்தது.

ஊசிகள் போட்டார்கள். மாலைக்குள் உதடு சிவந்தது. மூச்சு இழுப்பது மட்டும் நிற்கவில்லை. ஒன்பது நாள் அங்கே இருந்தோம். தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருப்பார்கள். படுக்க முடியாது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பார்ப்பேன். நான் ஆழமாக இழுத்தால் அவளுக்கும் கொஞ்சம் போகும் என்பதுபோல. நர்ஸ் பார்த்துவிட்டு, நீங்க மயங்கி விழுந்தா யாரு பாக்குறது, போய் டீ குடிச்சிட்டு வாங்க என்று அதட்டினாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ என் கணவர் வராந்தாவில் ஒரு மனிதரோடு பேசிக்கொண்டிருந்தார். ஆண்கள் வார்டில் கிடந்தவர். வேறொரு பட்டறையில் கல் அரைக்கிற இடத்தில் பல வருடம் வேலை பார்த்தவராம். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார். இவர் அவரிடம் என்ன கேட்டார் என்று தெரியாது. உள்ளே வந்து, மகள் கால்மாட்டில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சிலிப்புல மண்ணு மட்டும் இல்ல" என்றார். "வெங்கச்சங்கல்லு, அந்த வெள்ளக் கல்லத் தூளா அரைச்சுக் கலப்பாங்க. அவரு அரைச்ச கல்லு அதுதான். எனக்குத் தெரியும். தெனம் கலக்குறவன் நான்தானே. தெரிஞ்சுதான் இருந்துது."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. தெரிந்த ஒன்றைச் சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான் அவர் செய்தது. பட்டறையில் ஈரமாக இருக்கிறவரை அது பறக்காது. கொடியில் காய்ந்து, கிள்ளி, உதறினால் பறக்கும். கிள்ளினது யார், உதறச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அதுவும் வாயில் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது பந்தலில் சாம்பல் இறங்கியிருந்தது. இடையில் காற்றடித்து வெள்ளை பாதி உதிர்ந்துபோயிருந்தது. உதிர்ந்த இடத்திலெல்லாம் குலை சாம்பல் பூத்து, பட்டாணியளவுப் பிஞ்சுகள் வெடித்து விதை தெரிந்தது. கந்தகம் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். சிலிப்பு அடித்தாலும் காப்பாற்றலாம். இரண்டும் கொல்லையிலேயே இருந்தன, போன வருடத்து மூட்டையிலும் மிச்ச ஜாடியிலும். என்ன செய்யட்டும் என்று அவர் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன். பிறகு தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூன்று வாரத்தில் ஒரு குலைகூட மிஞ்சவில்லை. பூதக்கண்ணாடியைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சித்திரையில் அவர் கொடிகளை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்தார். மகளை அன்று திட்டக்குடிக்கு அனுப்பியிருந்தோம்.

கொடி போனால் இழுப்பும் போகும் என்று நம்பினேன். அடுத்த மார்கழியில், கந்தகமும் இல்லாத, மண்ணும் இல்லாத வீட்டில், அவளுக்கு மறுபடி இழுத்தது. அதற்கடுத்த வருடமும் இழுத்தது. அவர் பட்டறை வாசலிலேயே குளித்துத் துணி மாற்றிக்கொண்டு வருவார். வீட்டில் அடுப்பை வெளியே கொண்டுபோய் வைத்தேன். பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்டேன். எதைச் செய்தாலும் இழுத்தது. எதுவும் செய்யாத மாதங்களில் சும்மா இருந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், வீட்டில் தூசி ஏதாவது உண்டா என்று வழக்கம்போல் கேட்டார். நான் சொல்லுமுன் என் கணவர் ஆரம்பித்துவிட்டார். சிலிப்பில் மண் எவ்வளவு, கல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை தடவை அடித்தது, எத்தனை சனிக்கிழமை என்று எதையும் விடவில்லை. கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கூட அப்படிச் சொல்ல மாட்டார். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். சீட்டில் ஏதோ ஒரு வார்த்தை எழுதிக்கொண்டார். அதனால்தானா என்று நான் கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க. அதனால கெட்டிருக்கலாம். அது இல்லாட்டியும் இப்படித்தான் இருந்திருக்கலாம். படம் எடுத்துப் பார்த்தாலும் எனக்குத் தெரியப் போறதில்ல."

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததை நான் மறந்தே போனேன். அதுவரை அவளிடம் நாங்கள் இதைப் பேசியதில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, எலய ஒதறி ஒதறிப் போட்டது நான்தானே? ஒதறாம போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சொல்ல வேண்டும். உதறச் சொன்னது நான், கொடியை வெட்டாதே என்று சொன்னதும் நான் என்று சொல்ல வேண்டும். முதல் வார்த்தையை எடுப்பதற்குள் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்தார். சில்லறைக்கு என் கணவர் சட்டைப் பையைத் தேடினார். அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, அத்தை வீட்டில் கன்று போட்டிருக்கிற பசுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இப்போது அவளுக்கு இருபது நடக்கிறது. வெளியூரில் ஆசிரியப் பயிற்சிக்குப் படிக்கிறாள். போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விடுதித் தோழி ஒருத்தியை அழைத்து வந்திருந்தாள். ஒரு மதியம் மகளுக்கு லேசாக இழுத்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தோழியோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு கதவுவரை போனேன்.

பிறந்ததிலிருந்தே இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லடி, சின்ன வயசுல நானே வரவழைச்சிக்கிட்டது" என்றாள் என் மகள், சாதாரணமாக. "எங்க வூட்டுல திராட்சைப் பந்தல் இருந்துது. எலயப் பொறுக்குடின்னா, நான் ஒதறி வெளையாடிட்டிருந்தேன். எங்கம்மா பாவம், இன்னி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல."

வெந்நீர் ஆறும்வரை நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அப்புறம் அதை மறுபடி சுடவைக்கப் போனேன்.